கோப்பை வென்ற அணி மறுவருடம் எங்கே போனது? உள்ளரங்கு அமெரிக்கன் ஃபுட்பால்: ஓர் எளிய விளக்கம்

1987 ஆகஸ்ட் 1 அன்று பிட்ஸ்பர்க் சிவிக் அரீனாவில், பதின்மூவாயிரம் பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க, டென்வர் டைனமைட் என்ற அணி பிட்ஸ்பர்க் கிளாடியேட்டர்ஸை 45-16 என்று துவைத்தெடுத்தது. அரீனா ஃபுட்பால் என்ற புத்தம் புதிய விளையாட்டின் முதல் இறுதிப்போட்டி அது. சொந்த ஊரில் ஆடிய அணியை, அந்த ஊர்க் கூட்டத்தின் முன்பே தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

1988 சீசன் தொடங்கியபோது களத்தில் ஆறு அணிகள் இருந்தன. அவற்றில் டென்வர் இல்லை.

இந்தக் கதையைக் கேட்டதும் பலரும் உடனே ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். "கூட்டமே வந்திருக்காது", "யாரோ காசைச் சுருட்டியிருப்பார்கள்", "அதெல்லாம் உண்மையான ஃபுட்பாலே இல்லை". மூன்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: நல்ல அணி பிழைக்கும், மோசமான அணி மூடப்படும். உள்ளரங்கு ஃபுட்பாலின் வரலாறு இந்த நம்பிக்கைக்கு ஒத்துழைப்பதே இல்லை. 2008-ல் கோப்பை வென்ற ஃபிலடெல்பியா சோல் 2009-ல் ஆடவில்லை. 2019-ல் வென்ற ஆல்பனி எம்பயர் 2020-ல் ஆடவில்லை. இது ஏன் என்று புரிய, முதலில் அந்த விளையாட்டு என்ன, அப்புறம் ஓர் 'அணி' என்பது உண்மையில் என்ன என்று பார்க்க வேண்டும்.

கூரை போட்டால் மட்டும் போதாது

அமெரிக்கன் ஃபுட்பால் என்பது நாம் ஃபுட்பால் என்று சொல்லும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடியும், எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோகும் ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள். வழக்கமான மைதானத்தின் நீளம் 100 கெஜம், பக்கத்துக்குப் பதினோரு பேர்.

இதைக் கூரைக்கு அடியில் ஆடினால் உள்ளரங்கு ஃபுட்பால் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஹூஸ்டன் நகரத்தின் அஸ்ட்ரோடோமில் என்எஃப்எல் அணியே பல ஆண்டுகள் கூரைக்கு அடியில் ஆடியிருக்கிறது. அது வழக்கமான ஃபுட்பால்தான். என்எஃப்எல் என்பது அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை ஃபுட்பால் லீக். அரீனா ஃபுட்பாலில் மாறியது கூரை அல்ல, அளவு.

ஐஸ் ஹாக்கி ஆடும் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். அரீனா ஃபுட்பால் மைதானம் 50 கெஜம் நீளம். இரு முனையிலும் எட்டு எட்டு கெஜத்தில் இறுதிப் பகுதி. மொத்தம் 66 கெஜம், அதாவது 198 அடி. அகலம் 85 அடி. கணக்கைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும்: இந்த விளையாட்டே ஹாக்கித் தளத்தின் மேல் விரிப்பதற்காகத் தைத்த சட்டை.

மற்ற விதிகள் எல்லாம் இந்த அளவிலிருந்து பிறந்தவை. இடம் குறைவு, ஆகவே பக்கத்துக்கு எட்டு பேர். ஹாக்கித் தளத்தைச் சுற்றியிருக்கும் தடுப்புப் பலகையை எடுக்க முடியாது, ஆகவே அதற்கு மெத்தை கட்டினார்கள். வீரர்கள் அதில் மோதி, சில சமயம் தாண்டி, முதல் வரிசை ரசிகரின் மடியில் போய் விழுவார்கள். உதைத்த பந்து கூட்டத்துக்குள் போய்விடும் என்பதால் கோல் கம்பத்தின் இருபுறமும் உயரமான வலைகளைத் தொங்கவிட்டார்கள். அந்த வலைதான் இந்த ஆட்டத்தின் உயிர். வலையில் பட்டுத் திரும்பும் பந்து செத்த பந்து அல்ல. யார் வேண்டுமானாலும் பிடித்து ஓடலாம். இதை இனி மீள்வலை என்று சொல்கிறேன்.

பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கும் வழக்கம் இங்கே கிடையாது. நான்காவது முயற்சியிலும் தாக்கியே ஆக வேண்டும், அல்லது கோல் உதைத்துப் பார்க்க வேண்டும். ஆரம்ப காலத்தில் பெரும்பாலான வீரர்கள் தாக்குதலிலும் தடுப்பிலும் இரண்டிலும் ஆட வேண்டியிருந்தது. இதற்கு அயர்ன்மேன் முறை என்று பெயர். ஆட்டத்துக்கு ஒரு வீரம் கூட்டியது என்பார்கள். சம்பளப் பட்டியலைச் சின்னதாக வைத்திருக்கவும் அது உதவியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: அரீனா ஃபுட்பால் என்பது பெரிய ஃபுட்பாலின் மழைக்கால ஏற்பாடு அல்ல. ஏற்கெனவே கட்டி நின்ற ஹாக்கி, கூடைப்பந்து அரங்குகளுக்குள் பொருந்துவதற்காகவே வடிவமைத்த தனி விளையாட்டு.

உறையின் மேல் வரைந்த மைதானம்

வடிவமைத்தவர் ஜிம் ஃபாஸ்டர். 1981-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்குக் கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கால்பந்தை அரங்குக்குள் கொண்டுவர முடிந்தால் அமெரிக்கன் ஃபுட்பாலை ஏன் முடியாது என்று தோன்றி, கையில் இருந்த பழுப்பு உறையின் மேல் மைதானத்தை வரைந்தார்.

அதை உடனே நடத்த முடியவில்லை. 1983-ல் யுஎஸ்எஃப்எல் என்ற வசந்தகால ஃபுட்பால் லீக் வந்தது. ஃபாஸ்டர் அதில் வேலைக்குப் போனார், உறை காத்திருந்தது. அந்த லீக் 1985-க்குப் பிறகு ஆடவில்லை. 1986 ஏப்ரலில் இலினாய் மாநிலத்தின் ராக்ஃபர்டில் ஒரு சோதனை ஆட்டம், 1987 பிப்ரவரியில் சிகாகோ அருகே ரோஸ்மாண்டில் ஒரு வெள்ளோட்டம். அந்த ஆண்டு ஜூனில் லீக்கே தொடங்கிவிட்டது.

காப்புரிமையும் வாங்கினார். 1990 மார்ச்சில் கிடைத்த அந்தக் காப்புரிமையால், மீள்வலை வைத்து ஆடும் உரிமை அவர் பக்கமே இருந்தது. பின்னால் முளைத்த மற்ற உள்ளரங்கு ஃபுட்பால் லீக்குகள் வலை இல்லாமலே ஆட நேர்ந்தது இதனால்தான். 2007-ல் காப்புரிமை காலாவதியானது. ஒரு விளையாட்டின் விதிகளுக்கே காப்புரிமையா என்று நமக்கு வியப்பாக இருக்கலாம். அமெரிக்காவில் இது வியாபாரமாகவே பிறந்த விளையாட்டு என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை.

டைனமைட்டின் சுருக்கமான வாழ்க்கை

முதல் சீசனில் நான்கே அணிகள்: சிகாகோ புரூசர்ஸ், டென்வர் டைனமைட், பிட்ஸ்பர்க் கிளாடியேட்டர்ஸ், வாஷிங்டன் கமாண்டோஸ். ஆளுக்கு ஆறு ஆட்டங்கள். ஜூன் 19-ல் தொடங்கி ஆகஸ்ட் 1-ல் முடிந்தது. அதாவது முழு சீசனும் ஆறே வாரம்.

டென்வர் தேர்வு காரணம் இல்லாமல் நடந்ததல்ல. அந்த ஊர் அப்போது ஃபுட்பால் பைத்தியம் பிடித்து அலைந்த ஊர். ஜான் எல்வே தலைமையில் ஊரின் என்எஃப்எல் அணியான பிராங்கோஸ் 1987 ஜனவரியில்தான் சூப்பர் பௌல், அதாவது என்எஃப்எல் இறுதிப்போட்டி, ஆடித் தோற்றிருந்தது. 1988 ஜனவரியில் மறுபடி போய் மறுபடி தோற்றது. பிராங்கோஸ் ஆடிய மைல் ஹை ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே இருந்த மெக்நிக்கல்ஸ் அரங்கம்தான் டைனமைட்டின் வீடு. கோடையில் ஃபுட்பால் இல்லாமல் ஏங்கும் ஊர், கோடையில் காலியாகக் கிடக்கும் அரங்கம். காகிதத்தில் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது.

பயிற்சியாளர் டிம் மார்க்கம். ஆறில் நான்கை வென்று இறுதிப்போட்டிக்குப் போனார்கள். அதில் சிறந்த வீரர் விருது கேரி முல்லனுக்கு. பிராங்கோஸ் தன் முதல் சூப்பர் பௌலை வென்றது 1998 ஜனவரியில்தான். அதற்குப் பத்து வருடம் முன்பே டென்வருக்கு ஒரு தொழில்முறை ஃபுட்பால் கோப்பை வந்துவிட்டது. இன்று அந்த ஊரில் அதை எத்தனை பேர் நினைவு வைத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

1988-ல் டைனமைட் ஆடவில்லை. மார்க்கம் டெட்ராய்ட் டிரைவ் என்ற புது அணிக்குப் போய், அந்த வருடமும் அடுத்த வருடமும் கோப்பை வென்றார். மொத்தத்தில் ஏழு கோப்பைகள். இந்த விளையாட்டின் மிகப் பெரிய பயிற்சியாளர் அவர்தான். 1989-ல் டைனமைட் திரும்பி வந்தது. ஆனால் அந்த சீசன் மிகவும் மெலிந்தது: ஐந்து அணிகள், ஆளுக்கு நான்கே ஆட்டங்கள். பிறகு 1990, 1991 சீசன்கள். பழைய சூப்பர் பௌல் வீரரான பேப் பரில்லி பயிற்சியாளராக இருந்தார். 1992 பட்டியலில் டென்வர் பெயர் இல்லை. இந்த முறை திரும்பவே இல்லை.

கூட்டிப் பார்த்தால் டைனமைட் ஆடியது நான்கு சீசன். முதல் நான்கு அணிகளில் மற்றவையும் நீண்ட காலம் நிலைக்கவில்லை. சிகாகோ 1989-உடன் முடிந்தது, வாஷிங்டன் 1990-உடன் முடிந்தது, பிட்ஸ்பர்க் 1991-ல் டாம்பாவுக்குக் குடிபெயர்ந்து டாம்பா பே ஸ்டார்ம் ஆனது.

அணி என்பது உண்மையில் என்ன?

இங்கேதான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. அணி என்றதும் நம் மனதில் ஓர் ஊர்க் கிளப் வருகிறது: சொந்த மைதானம், பரம்பரை உறுப்பினர்கள், தோற்றாலும் நாளை ஆடும் பிள்ளைகள். அமெரிக்கத் தொழில்முறை அணி அப்படி அல்ல. அதை ஊர்த் திருவிழாவில் போடும் கடையாக நினைத்துப் பாருங்கள். சரக்கு கடைக்காரருடையது, உழைப்பும் அவருடையது. ஆனால் திருவிழா நடந்தால்தான் கடை. இடம் ஒதுக்கிக் கொடுத்தால்தான் கடை. சுற்றிலும் மற்ற கடைகள் இருந்தால்தான் கூட்டம். எவ்வளவு நல்ல பலகாரம் போட்டாலும், திருவிழா நின்றுபோன வருடம் அவருக்கு வியாபாரம் இல்லை.

இதில் திருவிழா என்பது லீக். கடை போடும் உரிமைக்குப் பெயர் ஃபிரான்சைஸ்: ஒரு குறிப்பிட்ட ஊரில், லீக்கின் பெயரையும் விதிகளையும் பயன்படுத்தி அணி நடத்த லீக் கொடுக்கும் உரிமம். ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. 2009-ல் கோப்பை வென்ற டெக்கான் சார்ஜர்ஸ் 2012-ல் உரிமம் ரத்தாகிக் காணாமல் போனது நினைவிருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. எல்லா அணிகளையும் ஒரே நிறுவனம் வைத்துக்கொண்டு, வீரர்களையும் அதுவே ஒப்பந்தம் செய்யும் முறை. இதைத் தனிநிறுவன லீக் என்பார்கள். 2010-ல் மறுபிறவி எடுத்த அரீனா ஃபுட்பால் லீக் இப்படித்தான் தொடங்கியது. செலவைக் கட்டுக்குள் வைக்க இது உதவும். ஆனால் நடு அலுவலகம் தடுமாறினால் எல்லா ஊரும் சேர்ந்தே தடுமாறும்.

ஆக, ஓர் அணி தன்னந்தனியாகப் பிழைக்க முடியாது. எதிரணி வேண்டும், அட்டவணை வேண்டும், லீக் வேண்டும். மைதானத்தில் வெல்வது வீரர்கள் கையில். அடுத்த வருடம் மைதானம் இருக்குமா என்பது அவர்கள் கையில் இல்லை.

காசு வரும் வழி, போகும் வழி

என்எஃப்எல் அணி ஒன்று மோசமாக ஆடினாலும் ஏன் மூடப்படுவதில்லை? தொலைக்காட்சி. 1987 முதல் 1989 வரை மூன்று வருடத்துக்கு என்எஃப்எல் சுமார் 143 கோடி டாலருக்கு ஒளிபரப்பு உரிமையை விற்றது. 28 அணிகளுக்கும் சமமாகப் பங்கு; வருடத்துக்கு அணிக்கு ஏறத்தாழ 1.7 கோடி டாலர். ஒரு டிக்கெட் விற்பதற்கு முன்பே கையில் இருக்கும் பணம் அது.

அரீனா ஃபுட்பாலுக்கும் தொலைக்காட்சி கிடைத்தது. முதல் வருடமே இஎஸ்பிஎன் ஒளிபரப்பியது. ஆனால் ஒளிபரப்பாவது வேறு, ஒளிபரப்புக்குக் காசு வருவது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி மர்மம் அவிழ்ந்துவிடும். லீக் உச்சத்தில் இருந்த 2003-ல் என்பிசி தொலைக்காட்சியோடு போட்ட ஒப்பந்தத்தில்கூட உரிமைத் தொகை என்று முன்பணம் எதுவும் இல்லை. வருகிற விளம்பர வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்வதுதான் ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் நாடு முழுக்கத் தெரிந்தார்கள். கல்லாவில் அது பெரிதாகத் தெரியவில்லை.

எனவே ஓர் அரீனா அணி நம்பியிருந்தது டிக்கெட்டையும் உள்ளூர் விளம்பரத்தையும்தான். அதிலும் கணக்கு இடிக்கும். சீசனில் பத்து ஆட்டம் என்றால் சொந்த அரங்கில் ஐந்துதான். வருடத்துக்கு ஐந்து மாலைப் பொழுதுகளில் சம்பாதித்து, பயிற்சியாளர், அலுவலகம், விமானப் பயணம், ஹோட்டல் எல்லாம் பார்க்க வேண்டும். அரங்கம் வாடகைக்கு என்றால் வாகன நிறுத்தம், தின்பண்டம், குளிர்பான வருமானம் பெரும்பாலும் அரங்கக்காரருக்கே போகும். பெரிய கூட்டம் வந்த நாளிலும் அணிக்குக் கைநஷ்டம் ஆகலாம் என்பது இதனால்தான்.

அப்புறம் காப்பீடு. தடுப்புப் பலகையில் மோதி விழும் ஆட்டத்தில் காயம் விதிவிலக்கல்ல, அன்றாடம். வேலையில் காயம்பட்டவருக்கு முதலாளி தரவேண்டிய மருத்துவச் செலவுக்கும் ஈட்டுத் தொகைக்கும் எடுக்கும் பாலிசி, தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. ரசிகர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் 2019-ல் லீக் இரண்டாம் முறையாகத் திவாலுக்குப் போனபோது, பழைய காப்பீட்டு நிறுவனம் ஒன்று தொடுத்திருந்த வழக்கும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. எப்போதோ ஆடிய ஆட்டங்களின் பாக்கி, புதிதாக வந்த அணிகளின் தலையில் விழுந்தது. எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மிகவும் அநியாயமாகப் படுவது இதுதான்.

அரங்கத்தின் உரிமையாளரே அணி உரிமையாளராக இருந்தால்? நிலைமை மாறுகிறது. டெட்ராய்ட் டிரைவைப் பாருங்கள். உரிமையாளர் மைக் இலிச், லிட்டில் சீசர்ஸ் பீட்சாக்காரர், ரெட் விங்ஸ் ஹாக்கி அணியும் அவருடையதே. ஹாக்கி இல்லாத கோடையில் ஜோ லூயிஸ் அரங்கத்தை நிரப்ப ஓர் ஆட்டம் அவருக்குத் தேவைப்பட்டது. டிரைவ் ஆறு சீசன் ஆடியது, ஆறிலும் இறுதிப்போட்டிக்குப் போனது, நான்கு கோப்பை வென்றது. 1992-ல் இலிச் டைகர்ஸ் பேஸ்பால் அணியை வாங்கினார். பேஸ்பாலும் கோடை ஆட்டம். ஒரே முதலாளியின் இரண்டு அணிகள் ஒரே ஊரில், ஒரே மாதங்களில், ஒரே ரசிகரின் சட்டைப்பைக்குப் போட்டி போட வேண்டுமா? 1993 சீசனுக்குப் பின் டிரைவை விற்றுவிட்டார். அது மாசசூசெட்ஸ் மராடர்ஸ் என்ற பெயரில் வுஸ்டர் நகரத்துக்குப் போய் ஒரே ஒரு சீசன் ஆடி முடிந்தது.

லீக்கின் தலைசிறந்த அணிக்கே இந்தக் கதி. அது தோற்றதால் அல்ல, கூட்டம் வராததால் அல்ல. முதலாளியின் மற்ற சொத்துகளோடு அட்டவணை முட்டியதால்.

இந்தப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: நிச்சயமான தொலைக்காட்சிப் பணம் இல்லாத லீக்கில், ஓர் அணியின் ஆயுளை அரங்க ஒப்பந்தமும் உரிமையாளரின் பொறுமையும்தான் தீர்மானிக்கின்றன. கோப்பை அந்தப் பொறுமையைக் கொஞ்சம் நீட்டலாம், அவ்வளவுதான்.

எல்லா முடிவும் ஒரே முடிவல்ல

ஓர் அணி அடுத்த சீசனில் இல்லை என்றால் நடந்தது பலவிதமாக இருக்கலாம். டைனமைட் 1988-ல் செய்ததுபோல் ஒரு சீசனுக்கு உறங்கப் போகலாம். உரிமம் இருக்கும், ஆட்டம் இருக்காது. கிளாடியேட்டர்ஸ் போல் ஊர் மாறலாம். பிட்ஸ்பர்க்காரர்களுக்கு அது சாவு, டாம்பாக்காரர்களுக்குப் பிறப்பு. அந்த ஸ்டார்ம் அணி 2017 வரை ஆடி ஐந்து கோப்பைகள் வென்றது.

இல்லையென்றால் லீக்கே விழலாம். 2008 டிசம்பரில், பொருளாதார நெருக்கடியின் நடுவே, அடுத்த சீசன் ரத்து என்று அறிவித்தார்கள். 2009 ஆகஸ்டில் லீக் கலைப்புத் திவாலுக்கு விண்ணப்பித்தது. கலைப்புத் திவால் என்றால், தொழிலைச் சீர்செய்து தொடர்வதல்ல. இருக்கிற சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுக் கதவை அடைப்பது. சொத்து என்று இங்கே இருந்தது என்ன? பெயர்கள், சின்னங்கள், உரிமைகள். ஒரு புதிய குழு அவற்றை 61 லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்து 2010-ல் மறுபடி லீக் நடத்தியது. 2019 நவம்பரில் அதுவும் அதே வழியில் போனது. 2024-ல் வேறொருவர் அதே பெயரில் பதினாறு அணிகளோடு தொடங்கினார். சில வாரங்களிலேயே பல அணிகள் உதிர்ந்தன, தலைமையும் மாறியது.

பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருக்க

இந்த அணிகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கும்போது புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பெயரும் சின்னமும் ஏலத்தில் விற்கும் பொருள் என்பதால், ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அணிகள் வரும். ஒரே ஊருக்கு வேறு வேறு பெயரில் அணிகள் வந்து போகும்.

டென்வரையே எடுத்துக்கொள்ளலாம். டைனமைட் போய்ப் பதினொரு வருடம் கழித்து, 2003-ல் கொலராடோ க்ரஷ் என்ற அரீனா அணி அங்கே வந்தது. உரிமையாளர்களில் ஒருவர் அதே ஜான் எல்வே. 2005-ல் ஜார்ஜியா ஃபோர்ஸை 51-48 என்று வென்று கோப்பையும் எடுத்தது. டைனமைட்டின் தொடர்ச்சி அல்ல அது. ஊர் மட்டும்தான் ஒன்று. 2009-ல் லீக்கோடு சேர்ந்து அதுவும் முடிந்தது. பிறகு 2015-ல் மறுபடி ஒரு கொலராடோ க்ரஷ். இது டென்வருக்கு வடக்கே லவ்லேண்ட் பகுதியில், வேறொரு லீக்கில், கொலராடோ ஐஸ் என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்த அணி. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. எல்வேயின் கோப்பைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எனவே 'கொலராடோ க்ரஷ்' என்று எங்கேயாவது படித்தால், முதலில் எந்த ஆண்டு, எந்த லீக் என்று பாருங்கள். கோப்பைக் கணக்கை அதற்கப்புறம் போடலாம்.